எடைக்குப் போகும் முன்: பழைய பேப்பர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய பேப்பர் கடை நடத்தும் அண்ணாச்சிமாருக்கும், மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு தெருத்தெருவாகக் குரல் கொடுக்கும் தம்பிமாருக்கும், கடையின் பின்கட்டில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் அக்காமாருக்கும் இந்த மடல்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். கட்டுகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, வாங்குவதைவிடக் கலைத்துப் போடுவது அதிகம் என்று உங்களை முணுமுணுக்க வைக்கும் பொம்பளை நான்தான். “என்ன வேணும்னு சொல்லிட்டுப் போனா எடுத்து வைப்போம்ல?” என்று கேட்டவர்கள் உண்டு. வண்டி வந்து நிற்கும், தராசு ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தடியில் என்னால் விளக்கமாகச் சொல்ல முடிந்ததே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எதை ஒதுக்கி வைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். சித்த மருத்துவம், சோதிடம், மாந்திரீகம், பழைய சட்டப் புத்தகம், ஐம்பதுகளில் வந்த கல்கி இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த பொன்னியின் செல்வன். மணியம் படத்தோடு இருந்தால் அதற்கு இன்று என்ன விலை போகும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவற்றுக்கு ஆள் இருக்கிறது. நான் கேட்பது வேறு. விலை போட்டிருக்காத, ஒல்லியான, அட்டையில் குடும்பப் படமோ கோபுரப் படமோ போட்ட புத்தகங்கள். கிராமத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த பெண்கள் எழுதியவை, அல்லது அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதியவை. அந்தந்த ஊரின் கதையைச் சொல்லும் மலர்கள். அவற்றோடு, அச்சே ஏறாத நோட்டுகள். இவை உங்கள் கடையில் எந்தக் குவியலிலும் தனியாக நிற்பதில்லை. நேரே மில் லோடில் ஏறிவிடுகின்றன.

முதலில் குடும்பப் புத்தகங்களைச் சொல்கிறேன். பாட்டிக்கு எண்பது வயது நிறைந்தால் பேரன் பேத்திகள் சேர்ந்து, அவர் சொன்னதை டைப் அடித்து, பக்கத்து அச்சகத்தில் நூறு பிரதி போட்டு, விழாவுக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையோடு கொடுத்துவிடுவார்கள். ‘அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல’ என்று உள்ளே இருக்கும். வாங்கியவர்களில் படித்தவர்கள் பாதிப்பேர் இருந்தால் அதிகம். பத்து வருடம் கழித்து அதே புத்தகம் கல்யாணப் பத்திரிகைகளோடும் மின்கட்டண ரசீதுகளோடும் உங்கள் தராசுக்கு வருகிறது.

அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர் சொன்னது. அறுபது பக்கம்கூட இராது. முதல் பத்துப் பக்கம் குலதெய்வம், பூர்விகம், யாருக்கு யார் பிள்ளை. நானே தள்ளிவிட்டுத்தான் போனேன். அப்புறம் 1952ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் வருகிறது. அவர் ஆங்கில ஆண்டைச் சொல்வதில்லை. நந்தன வருஷம், கார்த்திகை என்கிறார். ஓடு பறந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகான நாட்களை மூன்று பக்கம் சொல்கிறார். விறகு முழுக்க நனைந்துபோனதால் எதை எரித்தார்கள், நனைந்த நெல்லை எங்கே பரப்பினார்கள், முளைவிட்ட நெல்லை வறுத்து என்ன செய்தார்கள், கிணற்றில் விழுந்த தென்னை மட்டைகளை எடுக்க யார் இறங்கினார்கள், கைக்குழந்தைக்குப் பால் எந்த வீட்டிலிருந்து வந்தது. புயலின் வேகத்தையும் சாவுகளையும் அரசுக் குறிப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஈர விறகை வைத்துக்கொண்டு ஒரு வீடு மறுநாள் எப்படிச் சாப்பிட்டது என்பது இந்த அறுபது பக்கத்தில்தான் இருக்கிறது.

அதே புத்தகத்தில் ரைஸ் மில் வந்த கதை அரைப் பக்கத்துக்கு வருகிறது. மில் வந்தபின் உரல் முற்றத்திலிருந்து கொல்லைக்குப் போனதாம். நெல் குத்த வந்துகொண்டிருந்த பெண்கள் அதற்குப் பிறகு எதற்காக இந்த வீட்டுப் பக்கம் வருவார்கள்? குருணையும் தவிடும் கூலியாக வாங்கிப் போனவர்கள் அவர்கள். பாட்டி அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “அப்புறம் அவங்க வரத்து நின்னுபோச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்தப் பெண்கள் தரப்பிலிருந்து யாராவது ஒரு புத்தகம் போட்டிருப்பார்களா என்று நான் இன்னும் தேடுகிறேன். எண்பதாம் கல்யாணத்துக்குப் புத்தகம் அடிக்கும் வசதி எல்லா வீட்டுக்கும் இல்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வசதி இல்லாத வீடுகளின் நினைவு கிடைப்பது அரிது. புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயக் கூலிப் பெண் வீரம்மா தன் வாழ்க்கையைச் சொல்ல, அதைப் பதிவு செய்து ரசீன் தம்பதியர் ஆக்கிய புத்தகம் 1995இல் முதலில் பிரெஞ்சில்தான் வந்தது.

கடையில் கிடக்கும் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. பாமாவின் கருக்கு, பெருமாள்முருகன் தன் அம்மாவைப் பற்றி எழுதிய தோன்றாத் துணை போன்றவை கிடைத்தால் பழைய புத்தகக் கடைக்கே கொடுத்துவிடுங்கள். அவற்றுக்குப் பதிப்பகம் இருக்கிறது, மறுபதிப்பு வரும். நான் கேட்பவற்றுக்கு இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இனி நோட்டுகள். இவைதான் உங்கள் கையில் அதிகம் அடிபடுகின்றன. எழுதாத தாள்களைப் பிரித்து ரஃப் நோட்டுக்கு விட்டுவிட்டு, எழுதின பக்கங்களைக் கசக்கி மூட்டையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தொழில் அது, குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பையனின் கணக்கு நோட்டு. பாதி வரைக்கும் கூட்டல், பெருக்கல், வாத்தியாரின் சிவப்பு மை. தலைகீழாகத் திருப்பினால் கடைசிப் பக்கத்திலிருந்து அம்மாவின் எழுத்து தொடங்குகிறது. நாரத்தங்காய்க்கு உப்பு எவ்வளவு, பிள்ளை பெற்றவளுக்குக் கிளறும் மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் எத்தனை பலம், பசு சினைபட்ட நாள், எதிர்வீட்டுக்குக் கொடுத்த அரிசி இரண்டு படி, திரும்பி வந்தது ஒன்றரை. அந்த அரைப்படிக்கு நேராக ஒரு சின்னக் கோடு. மன்னித்த கோடா, மறக்கமாட்டேன் என்ற கோடா தெரியாது.

தேதி எங்கேயும் இல்லை. ஆனால் தராசு பிடிக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை, பாருங்கள். அம்மா எழுதியதில் முதல் பக்கங்களில் விலையெல்லாம் அணாவில். கொஞ்சம் தள்ளி ‘ந.பை.’ வருகிறது. நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரலில். ‘நயா’ என்ற ஒட்டு கழன்றது 1964இல். இன்னும் தள்ளிப்போனால் ‘புளி 2 வீசை’ என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே கிலோவில் எழுதியிருக்கிறார். ஒரு வீசைக்கு நாற்பது பலம், ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தானே வரவேண்டும்? அவர் சரியாக மூன்று என்று போட்டிருக்கிறார். ஆக, எழுதத் தொடங்கியது 1957க்கு முன், முடித்தது அறுபதுகளில். காசும் எடைக்கல்லும் மாறிய அந்தச் சில ஆண்டுகளில் ஒரு கிராமத்து அடுக்களை புதுக் கணக்குக்கு எப்படிப் பழகியது என்பதை இவ்வளவு பக்கத்தில் காட்டும் ஆவணம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

மொய் நோட்டும் அப்படித்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; வீட்டுக்கு வீடு கட்டுக்கட்டாக இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் யார் வந்தார்கள், எந்த ஊர், என்ன செய்தார்கள் என்று வரிசையாக எழுதி வைத்தது. பழைய நோட்டுகளில் பணத்தோடு அரிசி, தேங்காய், வேட்டி துண்டும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று ஊர் போட்டிருந்தால், அந்தக் கிராமத்திலிருந்து யார் யார் கப்பல் ஏறினார்கள் என்பது அந்த ஒரு நோட்டிலேயே தெரிந்துவிடும். காரைக்குடிப் பக்கம் என்றால் பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களைக் கரண்டி வரை எண்ணி எழுதிய கணக்குகள் இருக்கும். எழுதியது ஆண் கையாக இருக்கலாம். அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் அந்த நோட்டை எடுத்துவைத்து யாருக்கு என்ன திருப்பிச் செய்யவேண்டும் என்று பார்த்துச் சொன்னது வீட்டுப் பெண்தான். ஓரத்தில் வேறு மையில் இருக்கும் குறிகள் பெரும்பாலும் அவருடையவை.

மலர்கள் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், கூட்டுறவுச் சங்கப் பொன்விழா மலர். முதலில் பிரமுகர் வாழ்த்துகள்; எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நடுவில் ஊர்ப் பெரியவரோ ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ எழுதிய ‘நமது ஊர் வரலாறு’ இருக்கும். அதில் சோழர் காலம் வரைக்கும் போவதை அப்படியே நம்ப வேண்டாம். ஏரிக்கரை எந்த ஆண்டு உடைந்தது, முதல் பஸ் எப்போது வந்தது, மாரியம்மன் கோவில் திருவிழா ஏன் நடுவில் சில வருஷம் நின்றது என்பதை நம்பலாம். கடைசியில் விளம்பரங்களும் நன்கொடைப் பட்டியலும். நான் முதலில் புரட்டுவது பட்டியலைத்தான். ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாயார்’ என்று வரும் பெண்கள், எப்போதாவது சொந்தப் பெயரோடு ஒரு பெண், பக்கத்தில் ‘ஒரு மூட்டை அரிசி’ அல்லது ‘குத்துவிளக்கு 2’.

இதையெல்லாம் நூலகம் பார்த்துக்கொள்ளாதா என்று ஒரு கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றும் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போகவேண்டும். பெரிய பதிப்பகங்களே இதை ஒழுங்காகச் செய்வதில்லை என்கிறார்கள். பாட்டியின் எண்பதாம் வயதுப் புத்தகத்தை யார் அனுப்புவார்கள்? அரசாங்கம் எழுதிய ஊர் வரலாறுகள் இருக்கின்றன. 1906இல் ஹெமிங்வே தொகுத்த தஞ்சாவூர் கெசட்டியரைப் புரட்டினால் வாய்க்காலும் வரியும் கோவிலும் விரிவாகக் கிடைக்கும். அடுப்பைத் தேடிப் பிடிக்கவேண்டும். 1918இல் கில்பர்ட் ஸ்லேட்டர் வெளியிட்ட கிராம ஆய்வில், இருவேல்பட்டு, கங்கைகொண்டான் போன்ற ஊர்களில் மாணவர்களைக் கொண்டு வீட்டு வரவுசெலவு வரைக்கும் கேட்டு எழுதினார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியும் சில கிராமங்களுக்குத் தனித்தனி ஏடு போட்டார்கள். அருமையான வேலைதான், இந்த ஆங்கில ஏடுகள் உங்களிடம் வந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். ஆனால் அவை வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்ட கேள்விக்கு வீட்டு ஆண் சொன்ன பதில்கள். அந்த நேரம் பெண் உள்கட்டில் வேலையாக இருந்திருப்பாள்.

பெண்களே தங்கள் ஊர்க் கதையை எழுதிவைத்த இடமும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் விவசாயக் குடும்பப் பெண்கள் 1897இல் ஒரு மாதர் சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் அதன் ஊர்க்கிளைகள், தம் ஊர்க் கதையைத் தாங்களே திரட்டி, படமும் துணுக்கும் ஒட்டிப் பெரிய பெரிய ஏடுகளாகச் சேர்த்தன. அதற்கு ஊக்கம் கொடுத்த கவர்னர் ஜெனரலின் மனைவி லேடி ட்வீட்ஸ்மூரின் பெயராலேயே அந்த ஏடுகளை இன்றும் சொல்கிறார்கள். நம்மிடம் அப்படி ஊர்தோறும் ஒரு ஏற்பாடு அமையவில்லை. நம்முடையது பரணிலும் பெட்டியிலும் சிதறிக் கிடக்கிறது. அது ஒன்றாகச் சேருகிற ஒரே இடம் உங்கள் கடை. சேர்ந்த மறுவாரமே லாரி ஏறிவிடுகிறது.

ஈழத்தில் மட்டும் வேறு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். தேவாரம், குடும்ப மரம், உறவினர்கள் எழுதிய நினைவுகள், சிலதில் ஊர் வரலாறும் கைவைத்தியமும். வீட்டோடே இருந்த அம்மாக்கள், ஆச்சிகள் பெயரிலும் மலர் வரும். போரில் ஊரே இடம்பெயர்ந்து வீடு வாசல் போனபிறகு, பல கிராமங்களைப் பற்றி எஞ்சியிருக்கும் எழுத்தே இதுதான் என்ற நிலை. ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தார் இவற்றைத் தேடி வாங்கி, ஸ்கேன் செய்து எல்லோருக்கும் கிடைக்க வைத்திருக்கிறார்கள். சென்னை, திருச்சிக் கடைகளுக்கும் அகதியாக வந்த குடும்பங்களிலிருந்து எப்போதாவது ஒன்று வரலாம். கறுப்பு வெள்ளைப் படத்தின்கீழ் தோற்றம், மறைவு என்று தேதி போட்டிருக்கும். தயவுசெய்து எடுத்து வையுங்கள்.

உ.வே.சா. ஏடு தேடிய கதையை இங்கே சொல்லப்போவதில்லை, எல்லோரும் சொல்லியாயிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை மட்டும் நினைவுபடுத்துகிறேன். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கினார். புத்தகம் மட்டுமல்ல, நோட்டீஸ், அழைப்பிதழ், நாடக விளம்பரம் என்று மற்றவர்கள் குப்பை என்றதையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிற்கச் செய்தது. இன்று ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே கையுறை போட்டுக்கொண்டு புரட்டும் சிறு வெளியீடுகளில் எத்தனையோ, ஒரு கடைக்காரர் மனம்வைத்து ஒதுக்கியதால் தப்பியவைதான்.

சரி, என்ன செய்யவேண்டும்? ஒரே வீட்டிலிருந்து வந்த கட்டைப் பிரிக்காதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சமையல் நோட்டு தனியாக இருந்தால் அது யாரோ ஒருத்தியின் நோட்டு. அதே கட்டில் கும்பாபிஷேக மலரும் நாலு கல்யாணப் பத்திரிகையும் இருந்தால், எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் காலம் என்று பிடித்துவிடலாம். வண்டிக்காரத் தம்பிகள், “இது எந்த ஊர்ச் சாமான்?” என்று ஒரு வார்த்தை கேட்டு, பென்சிலால் கட்டின்மேல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிட்டால் போதும். நகரத்து அப்பார்ட்மென்டிலிருந்து வரும் கட்டு பெரும்பாலும் கிராமத்துப் பெரிய வீட்டை விற்றபின் வந்ததாகத்தான் இருக்கும். அட்டையையும் ரெக்ஸினையும் மில்லில் எடுக்கமாட்டார்கள் என்பதற்காக முதலிலேயே கிழித்துவிடுகிறீர்கள். நான் கேட்கும் வகைக்கு மட்டும் அதைச் செய்யவேண்டாம். உள்ளட்டையில்தான் யார், எப்போது, யாருக்குக் கொடுத்தது என்று எழுதியிருக்கும். உள்ளே செருகிய சீட்டுகளை உதறாதீர்கள். ராமபாணம் அரித்திருந்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் எனக்கே தயக்கம் உண்டு. இந்த நோட்டுகளில் அடகு வைத்த நகை, கட்டமுடியாத கடன், வெளியே தெரியக்கூடாத மனஸ்தாபம் எல்லாம் இருக்கும். எழுதியவள் நான் படிப்பேன் என்று நினைத்து எழுதவில்லை. ஆகவே கையெழுத்து நோட்டோ கடிதக்கட்டோ வந்தால் என்னைக் கூப்பிடும் முன், கொடுத்த வீட்டில் ஒரு தடவை கேளுங்கள். “அம்மா எழுதின நோட்டு இருக்கே, வேணுமா?” என்றால் பாதிப்பேர் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். எனக்கு அது நஷ்டம் இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்களுடையதை நான் வைத்துக்கொள்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் பெயர் வரும் பக்கத்தை யாருக்கும் காட்டுவதில்லை. அச்சான மலர்களையும் நினைவுப் புத்தகங்களையும் ஸ்கேன் செய்ய, அந்தந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

விலை. மில்காரர் கொடுப்பதைவிடக் கூடுதலாகத்தான் தருவேன், அதில் பேச்சே இல்லை. ஆனால் பழசு என்றாலே ஆயிரம் ரூபாய் என்று செல்போனில் பார்த்துவிட்டுச் சொல்லும் புதுப் பழக்கம் சில கடைகளில் வந்திருக்கிறது. கும்பாபிஷேக மலருக்கு ஆயிரம் கொடுக்க இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை, அண்ணாச்சி. நானும் பென்ஷனில்தான் வாங்குகிறேன்.

இப்போது மார்கழி. போகிக்கு முன்னால் பரண் காலியாகும்; வருஷத்திலேயே பெரிய லோடு உங்களுக்கு இந்தப் பத்து நாளில்தான். எரிக்கக்கூடாது என்று விளம்பரம் செய்வதால் முன்பு தெருவில் எரிந்ததும் இப்போது எடைக்கு வருகிறது. அந்த நெரிசலில் நின்று பிரித்துக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்காது. கையெழுத்து நோட்டு, விலை போடாத புத்தகம், மலர் என்று கண்ணில் பட்டால் கட்டோடு ஒரு சாக்கில் போட்டு, தண்ணீர் படாத மூலையில் தள்ளிவிடுங்கள். மாட்டுப் பொங்கல் கழிந்து கடை திறந்ததும் வருகிறேன். பிரித்துப் பார்ப்பது என் வேலை; வேண்டாததை நானே திரும்பக் கட்டி உங்கள் தராசில் வைத்துவிட்டுப் போகிறேன்.